ஏழாவது ஆள்

சலவைக்கூடத்துக்கு ஜன்னல்கள் இருந்தன, திறக்கத்தான் முடியாது. ஆவி பட்டுப் பட்டு மரம் ஊதி, சட்டத்தோடு ஒட்டிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மழை நாளில் வாசல்வரைக்கும் குளிர் நடுக்கும். உள்ளே காலெடுத்து வைத்தால் கழுத்தில் வேர்வை வழியும். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு இந்தச் சூடும் அந்தக் குளிரும் மாறி மாறி அடித்து, வருஷத்தில் பாதி நாள் இருமல்தான்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் லாட்ஜ் விரிப்புகளும் அங்கே வரும். பெரிய உருளையில் வெளுத்து, இன்னொன்றில் பிழிந்து எடுத்தால், விரிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி வரும். அந்த ஈரக் கயிற்றைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறி, ஓரம் தேடிக் கொடுப்பது சித்தியின் வேலை. அவள் உதறினால் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதை வாங்கி, இஸ்திரி போடுகிற சூடான ரோலருக்குள் விடுவது அம்மாவும் குள்ளக்காவும். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் இழுத்துப் பிடிப்பார்கள். மடிப்பது சின்னவளும் பாட்டுக்காரரும். பாட்டுக்காரருக்கு வயசாகிவிட்டது. எந்நேரமும் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே மடிப்பார். ரோலர் சத்தத்தில் வார்த்தை புரியாது. ஆனால் அந்த முனகலுக்கு ஏற்றபடிதான் எல்லார் கையும் போகும்.

ஆக ஏழு பேர். அதில் அம்மா, சித்தி, சின்னவள் மூன்று பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

வீடு பின்னால் உள்ள சந்தில், இரண்டு அறை. அப்பா போய்ச் சேர்ந்த மறுவருஷம் சித்தி ஒரே ஒரு பையோடு வந்தாள். அவள் புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ஒரு மாசம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் முதல் வாரமே அக்காவோடு சலவைக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு தொண்டையில் நிற்கிறது என்பாள். வேலை பார்த்த நாளில் இரண்டு ரொட்டி சாப்பிடுவாள். காய்ச்சலில் படுத்த நாளில் ஒன்றுக்கு மேல் தொட மாட்டாள். "வேலை செஞ்சேன், சாப்பிட்டேன், கணக்கு சரியாப் போச்சு," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். அவளுக்கு இருந்த கௌரவம் அது ஒன்றுதான். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். பெரியவளுக்கு நன்றாகவே தெரியும்.

பெரியவள் கல்லூரியில் பொருளாதாரம் இரண்டாம் வருஷம். இரண்டு பேரையும் படிக்க வைக்க முடியாது என்று ஆனபோது, எனக்குப் பள்ளிக்கூடமே பிடிக்கவில்லை என்று சின்னவள் தானாகச் சொன்னாள். அது நிஜமா என்று யாரும் தோண்டிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. சலவைக்கூடத்தில் பெரியவளுக்கு 'காலேஜ்' என்று பேர். விடுமுறையில் அவள் கைகொடுக்கப் போனால், "காலேஜ் வந்தாச்சு, வழி விடுங்கப்பா, விரிப்புக்கு இங்கிலீஷ் சொல்லித் தரும்," என்பாள் குள்ளக்கா.

முதல் வருஷம் முழுக்கப் பெரிய சாரின் வகுப்பு. துறைத்தலைவர் அவர். மஞ்சளாகிப் போன ஒரு நோட்டைத் திறந்து மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டே போவார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்வார். ஒருநாள் நடுவில் "கதவைச் சாத்துங்க" என்றார். பாதி வகுப்பு அதையும் எழுதிக்கொண்டது. குறைந்து செல் விளைவு விதியை அவர் ஒரு வயலை வைத்துத்தான் சொன்னார். ஒரே வயலில் ஆளைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குப் பிறகு கூடுதலாக வரும் ஒவ்வொரு ஆளாலும் கிடைக்கிற விளைச்சல் குறைந்துகொண்டே போகும், பிற காரணிகள் மாறாதிருக்கும்போது, முற்றுப்புள்ளி. வகுப்பில் வயல் உள்ளவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் மனப்பாடம் செய்து எழுதிப் பாஸ் ஆனார்கள்.

இரண்டாம் வருஷம் மேடம் வந்தார். சின்ன வயசு, ஒப்பந்த வேலை. வந்த முதல் நாளே பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னார். நோட்டை மூடி வைக்கச் சொன்னார். உங்கள் வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். வெல்டிங், தையல், லாரி, பேக்கரி என்று சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். பெரியவள் தன் முறை வந்ததும் சலவை என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் அந்த வார்த்தையைத்தான் பலகையின் நடுவில் எழுதினார். புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு விதியும் உங்கள் வீட்டுக்காரர்கள் நின்று வேலை செய்கிற இடத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அன்றைக்குப் பெரியவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தாள்.

இந்த முறையைத் துறை ஒரே ஒரு பாடத்துக்கு, ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் அனுமதித்திருந்தது. வருஷ நடுவில் கல்லூரிக் குழு உட்கார்ந்து பார்க்கும். சரிப்பட்டால் பாடத்திட்டத்தில் சேரும். சரிப்படாவிட்டால் பழையபடி மஞ்சள் நோட்டு, மேடத்துக்கும் வேறு ஊர். பிள்ளைகளுக்கு இது தெரிந்திருந்தது. மேடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆளாளுக்கு மும்முரமாக வேலை செய்தார்கள்.

பெரியவள் எடுத்துக்கொண்டது அந்த விதியைத்தான். ரோலர் ஒன்று, இடம் ஒன்று. ஏழு பேர் வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை கட்டு மடிந்து வருகிறது, ஆறு பேர் என்றால் எத்தனை, ஐந்து பேர் என்றால் எத்தனை. சலவைக்கூடத்து மேனேஜரிடம் போய்க் கேட்டாள். எவ்வளவு ஆவியிலும் அவர் சட்டை மட்டும் கசங்காது என்பதால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் மடிப்பு. மடிப்பு யோசித்தார். ஆஸ்பத்திரி விரிப்பு வருகிற நாளில் தொந்தரவு வேண்டாம், லாட்ஜ் விரிப்பு நாளில் செய்துகொள் என்றார்.

அந்த நாள் நல்ல வெயில். முதலில் ஏழு பேரோடு ஒரு மணி நேரம். எப்போதும் போல நடந்தது. பாட்டுக்காரர் முனகினார், குள்ளக்கா யாரையோ வைதுகொண்டிருந்தாள். பிறகு ஒருவர் வெளியே போக வேண்டும். சித்திக்கு முழங்கால் வலி. அவள் உட்காரட்டும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. வேறு யோசனையே வரவில்லை.

"சித்தி, நீ போய் வெளிய உக்காரு. ஒரு மணி நேரம்."

"அடிப்பாவி, பரீட்சைன்னு பேர் சொல்லி என்னைய வெளிய தள்ளுறா பாரு," என்று சிரித்துக்கொண்டே சித்தி கையைத் துடைத்தாள். முற்றத்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டீ குடித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

உள்ளே ஆறு பேர். அம்மாவே கயிற்றைப் பிரித்தாள், உதறினாள், ரோலருக்கும் விட்டாள். சின்னவள் மடிப்பதை விட்டு ஓடிவந்து ஒரு கை பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடினாள். மணி ஆனதும் பெரியவள் கட்டுகளை எண்ணினாள். முன்னால் வந்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. இரண்டாவது தடவை எண்ணினாள். அதேதான். அடுத்து குள்ளக்காவையும் வெளியே அனுப்பியபோது கட்டு மளமளவென்று இறங்கிவிட்டது. புத்தகத்தில் போட்டிருக்கிற வளைகோடு அப்படியே அவள் கண் முன்னால் நின்றது. சந்தோஷத்தில் அவளுக்கு ஒன்று மட்டும் உறைக்காமல் உறைத்தது. அந்த இரண்டாவது மணி நேரம் முழுக்கப் பாட்டுக்காரர் முனகவே இல்லை.

சாயங்காலம் வீட்டில் அம்மாவால் கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. சின்னவள் அம்மாவின் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"உங்க எல்லாருக்கும் இன்னைக்கு என்ன ஆச்சு? பேய் பிடிச்ச மாதிரி ஓடுனீங்க," என்றாள் பெரியவள்.

"பின்ன? சித்திய வெளிய அனுப்புனதும் அம்மா கண்ணக் காட்டுச்சு. நம்ம பொண்ணு பரீட்சை, கட்டு குறைஞ்சா மார்க் குறையும்னு. தாத்தாவே பாட்ட நிறுத்திட்டாருல்ல. மூச்சு விட்டா கை நிக்குமாம்," என்றாள் சின்னவள்.

"குறைஞ்சா மார்க் குறையும்னு யாரு சொன்னா?"

"எங்க குறைஞ்சா மார்க் குறையாது?" என்றாள் அம்மா. "அடுத்த தடவை ஐஞ்சு பேர் ஆக்குறதுக்கு முன்னாடியும் சொல்லிட்டுப் பண்ணு. திடீர்னு ரெண்டு பேர் போனதும் சமாளிக்க முடியல. அது ஒண்ணுதான் குறை."

சித்தி அடுப்படியிலிருந்து, தான் வெளியே டீ குடித்ததுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை என்றாள். நால்வரும் வெகுநேரம் சிரித்தார்கள். பெரியவள் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள்.

மறுநாள் அவள் மேடத்திடம் போனாள். மேடம் வளைகோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மலர்ந்திருந்தது. மற்றவர்கள் கொண்டுவந்தது எல்லாம் ஒரே குழப்பம். பேக்கரிக்காரன் மகன் போட்ட கோடு ஏறி இறங்கித் திரும்பவும் ஏறியிருந்தது. இது ஒன்றுதான் சுத்தமாக வந்திருந்தது. பெரியவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மேடம், அவங்க எனக்காக அன்னைக்கு மட்டும் வேகமாப் பண்ணிட்டாங்க. தினமும் அப்படி முடியாது."

"எல்லா ஆய்வுலயும் இப்படிக் கொஞ்சம் இருக்கும்மா."

"திரும்ப ஒருநாள் எடுக்கட்டுமா?"

மேடம் நாட்காட்டியைப் பார்த்தார். குழு உட்கார ஒரு வாரம்தான் பாக்கி. "ஒரு வரி எழுதிச் சேர்த்துக்கோ. ஆனா குழு முன்னாடி சொல்லும்போது அதுல நிக்காத. பெரிய சார் அதையே பிடிச்சுக்குவார். பிள்ளைங்களுக்கு அளக்கவே தெரியல, நோட்டே போதும்பார். உன்னுடையதை வச்சுத்தான் நான் மத்த எல்லாத்தையும் தூக்கி நிறுத்தணும்."

பெரியவள் அந்த வரியைக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். சொல்லும்போது அதில் நிற்கவில்லை.

எந்த இடத்தைப் படித்தார்களோ அந்த இடத்துக்காரரை அழைத்துக் கேட்க வைக்க வேண்டும் என்பதும் புது முறையில் ஒன்று. மடிப்பு முதல் வரிசையில் கசங்காத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பெரியவள் வளைகோட்டைக் காட்டினாள். ஏழாவது ஆளின் இறுதிநிலை உற்பத்தி, அதாவது அந்த ஒருவரால் கூடுகிற கட்டு, பூஜ்யத்துக்கும் கீழே என்று சொன்னபோது அவள் குரல் தெளிவாக இருந்தது. பெரிய சார்கூட வயலை மறந்து தலையாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். மடிப்பு எழுந்து, இத்தனை வருஷமாகத் தனக்கு மனசில் இருந்த சந்தேகத்தை இந்தப் பெண் தீர்த்து வைத்துவிட்டது என்றார். படம் இருந்த கட்டுரையின் பிரதி ஒன்று கேட்டார். மேடம் சந்தோஷமாகக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெரியவள் கைதட்டலைப் பற்றிச் சொன்னாள். பிரதியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மத்தியானமே சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் கழுவினாள். துணி மாற்றினாள். பிறகு ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். பெரியவள் கல்லூரியிலிருந்து வந்தபோதும் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன சித்தி, உடம்பு சரியில்லையா என்றதற்கு, மேனேஜர் இனி ஆறு பேர் போதும் என்றுவிட்டார் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னாராம். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, உங்க பொண்ணே படம் போட்டுக் காட்டிடுச்சும்மா என்றாராம்.

"எனக்குப் படமெல்லாம் புரியாதுன்னேன். அதுக்கென்ன, அன்னைக்கு வெளிய உக்காந்தது நீங்கதானேன்னாரு. ஆமான்னேன்." சித்தி பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "நான்தானே உக்காந்தேன்."

பெரியவள் போட்ட செருப்போடு சலவைக்கூடத்துக்கு ஓடினாள். மடிப்பு அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அன்றைக்கு எல்லாரும் தனக்காக ஓடினார்கள், அது உண்மையான அளவு இல்லை, கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன் என்று அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். மடிப்பு பொறுமையாகக் கேட்டார்.

"கடைசிப் பக்கமும் படிச்சேம்மா. ஆனா செஞ்சு காட்டுனாங்களா இல்லையா? முடியாததை ஒருத்தர் செஞ்சு காட்ட முடியுமா?"

"ஒருநாள் முடிஞ்சது சார்."

"ஒருநாள் முடிஞ்சா பழகிக்கலாம்."

"அப்ப வேற யாரையாவது... சித்திக்கு வேற யாரும் இல்ல சார்."

"யாரை?" என்றார் மடிப்பு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரோலரைக் காட்டினார். "நீயே சொல்லு."

அம்மா ஒரு கையால் பிரித்துக்கொண்டு மறு கையால் துணி விட்டுக்கொண்டிருந்தாள். குள்ளக்கா யாரையும் வையவில்லை. பாட்டுக்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் எழுந்து வெளியே வந்தாள்.

மேடத்திடம் சொன்னபோது அவர் முகம் வெளிறிவிட்டது. தானே போய் அந்த மேனேஜரிடம் பேசுவதாகச் சொன்னார். போகவும் போனார். பிரயோஜனம் இல்லை. அதே வாரம் குழு புது முறையை ஏற்றுக்கொண்டது. மேடத்துக்கு மேலும் மூன்று வருஷம் வேலை உறுதியானது. அந்தச் சேதியைச் சொல்லும்போது அவர் பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம்தான் பொல்லாத நேரம். சித்தி ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் திரும்பத் தட்டில் வைப்பாள். அம்மா திட்டினாலும் கெஞ்சினாலும் பசியில்லை என்பாள். வேறு இரண்டு இடங்களில் வேலை கேட்டுப் போனாள். முழங்காலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் எல்லாரும் எழுந்ததும் வீட்டில் இருக்கிற நான்கு படுக்கை விரிப்பையும் வாசலில் கொண்டுபோய் உதறுவாள். 'பட்' என்று சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். உதற வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

ஆஸ்பத்திரி விரிப்பில் சில சமயம் ஊசி மாட்டிக்கொண்டு வரும். வெளுத்துப் பிழிந்த பிறகும் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். சித்தி உதறும்போது அது தரையில் விழும். எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். அது ஒரு வேலை என்று அவளே நினைத்ததில்லை. இப்போது உதற நேரம் கிடையாது. பிரிப்பதும் விடுவதும்தான். மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் சின்னவளின் உள்ளங்கையில் ஒன்று ஏறியது. ஆழமாக ஏறவில்லை. ஆனால் எந்த நோயாளிக்குப் போட்ட ஊசியோ யாருக்குத் தெரியும்? அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, சில மாசம் கழித்துத் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் சின்னவள் தன் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. "எனக்குத்தான் பள்ளிக்கூடம் பிடிக்காதே, டாக்டர் சொல்றது எப்படிப் புரியும்," என்று அக்காவைச் சீண்டினாள். சிரிப்புக்குச் சொன்னதுதான்.

இறுதித் தேர்வு வந்தது. பெரியவள் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தாள். மேடம் எடுத்த கேள்வித்தாள் இல்லை, துறை சேர்ந்து எடுத்தது. வயல் போய்விட்டிருந்தது. கட்டாயம் எழுத வேண்டிய கேள்வியாக, அட்டவணையோடு, ஒரு சலவைக்கூடம் வந்திருந்தது. ரோலர் ஒன்று, ஆட்கள் ஏழு. அவள் எண்ணின கட்டுகள் அப்படியே கட்டம் கட்டமாக நின்றன. 'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது, இச்சலவைக்கூடம் எத்தனை ஆட்களுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்? காரணம் தருக.'

கடைசிப் பக்கத்து வரி எங்கேயும் இல்லை.

அவள் பேனாவை எடுத்து ஏழு என்று எழுதினாள். அந்த மணி நேரத்தில் யாரும் முனகவில்லை என்று எழுத ஆரம்பித்தாள். உதறுவதைப் பற்றி எழுதினாள். பாதி வாக்கியத்தில் நின்றாள். இந்தத் தாளைத் திருத்தப் போகிறவர் பெரிய சாரோ வேறு யாரோ. விடைக்குறிப்பில் ஆறு என்றுதான் இருக்கும். இந்த ஒரு கேள்வி போனால் இந்தத் தாள் போகும். தாள் போனால் வருஷம் போகும். சின்னவளின் உள்ளங்கையும் அம்மாவின் தோளும் இந்தப் படிப்பு முடிகிற நாளைப் பார்த்துக்கொண்டுதான் அந்த ரோலர் முன்னால் நிற்கின்றன. பக்கத்து பெஞ்சுப் பையன் வளைகோட்டை முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தான்.

அவள் அளவுகோலை வைத்து, எழுதினதன் மேல் நேராக ஒரு கோடு கிழித்தாள். கீழே ஆறு என்று எழுதினாள். காரணமும் தந்தாள். வளைகோடு அழகாக வந்தது.

வீட்டுக்கு வரும்போது மழை விட்டிருந்தது. அம்மாவும் சின்னவளும் இன்னும் வரவில்லை. சித்தி கொடியில் காய்ந்த விரிப்புகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்ததால் துணிதான் நடந்து வருகிற மாதிரி இருந்தது.

"எப்படிடி எழுதுன?"

"நல்லா எழுதுனேன் சித்தி."

"நம்ம கணக்கு வந்துச்சா?"

பெரியவள் செருப்பைக் கழற்றினாள். ஒரு செருப்பின் வார் ஈரத்தில் இறுகியிருந்தது. அதைப் பிரித்துக்கொண்டே குனிந்தபடி சொன்னாள்.

"வந்துச்சு."

"பூரா மார்க்கும் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

சித்தியின் முகம் பல மாசத்துக்குப் பிறகு மலர்ந்தது. விரிப்புகளைப் பாயின் மேல் போட்டாள். நேராக அடுப்படிக்குப் போய் மூடி வைத்திருந்த தட்டைத் திறந்தாள்.

"அப்ப அன்னைக்கு நான் வெளிய உக்காந்ததும் வேலைதான்," என்றாள். ஒரு ரொட்டியை எடுத்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.